மூன்று மணிக்காரர்

பிப்ரவரி 24, திங்கள்

நோட்டில் நான்கு கட்டம் போட்டுக் கொடுத்திருக்கிறார் டாக்டர். படுத்த நேரம், தூங்கிய நேரம், விழித்த நேரம், காரணம். தினமும் நிரப்ப வேண்டுமாம். நிரப்புகிறேன். படுத்தது பத்து. தூங்கியது ஒன்றேகால். விழித்தது இரண்டு, இரண்டரை, நாலு. காரணம்: உலகம் பூராவும் நாறுகிறது. அந்தக் கட்டத்துக்குள் இதற்கு இடம் பற்றாது. பின்பக்கத்தில் எழுதுகிறேன்.

நாற்றத்தைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். இருபத்தாறு வருஷமாக இந்தத் தூத்துக்குடியில் சானிட்டரி இன்ஸ்பெக்டர். சாம்பார் அண்டாவில் பல்லியைப் பார்த்திருக்கிறேன். பரோட்டா மாவு மூட்டைக்கு அடியில் எலி குட்டி போட்டிருந்ததை என் கையால் எடுத்து ஓட்டல்காரன் கல்லாவில் வைத்திருக்கிறேன். அன்று மத்தியானம் வீட்டுக்கு வந்து மீன்குழம்பு ஊற்றி இரண்டு தட்டு சோறு சாப்பிட்டேன். அப்பேர்ப்பட்ட ஹெலன் பொன்மலருக்கு இப்போது அரிசி கொதிக்கும் வாடை வந்தாலே வயிற்றைப் புரட்டுகிறது. கண்றாவி.

அக்டோபரில் இடது மார்பை எடுத்தார்கள். பிறகு ஐந்து கீமோ முடிந்தது, ஒன்று பாக்கி. ஊசி போட்ட மூன்று நாளும் பொட்டுத் தூக்கம் கிடையாது. மற்ற நாட்களில் கிடைப்பதைத் தூக்கம் என்று சொன்னால் தூக்கத்துக்குக் கேவலம்.

என் வீட்டுக்காரர் ஐசக் துரைராஜ் ஹாலில் பாய் விரித்துப் படுக்கிறார். நாலு மாதமாக. மெத்தை அவர் இடுப்புக்கு ஆகவில்லையாம். கல்யாணமாகி இருபத்து மூன்று வருஷமாக ஆகிவந்த இடுப்புக்கு இப்போது ஆகவில்லை. படுக்கட்டும். எனக்கென்ன, கட்டில் தாராளமாகக் கிடைக்கிறது.

பிப்ரவரி 27, வியாழன்

மத்தியானம் இரண்டரைக்குக் கண் சொக்கிக்கொண்டு வந்த நேரம் பார்த்து ஐயரம்மா வந்தார். எங்கள் சபை குருவானவரை ஐயர் என்போம், அவர் மனைவி ஐயரம்மா. கூட பியூலா டீச்சரும் பெண்கள் சங்கத்தார் மூன்று பேரும்.

பியூலா டீச்சர் ஆப்பிளை நறுக்கிக்கொண்டே தன் சித்தி மகளுக்கும் இதே சீக்கு வந்த கதையைச் சொன்னார். "நல்லாத்தான் நடமாடிக்கிட்டு இருந்தா."

"பொறவு?" என்று கேட்டேன்.

"பொறவென்ன, கர்த்தர் எடுத்துக்கிட்டாரு" என்று சொல்லிவிட்டுக் கத்தியைச் சேலையில் துடைத்தார். கதையாவது போகட்டும். சேலையில் துடைத்த கத்தியால் நறுக்கியதை நான் எப்படித் தின்பேன்?

"தூக்கமெல்லாம் எப்டி?" என்றார் ஐயரம்மா. வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். இல்லை என்று சொல்லித் தொலைத்தேன்.

"லெந்து காலம் வருதுல்லா. ஒங்க தூக்கத்துக்குன்னே சங்கிலி ஜெபம் வச்சிருவோம்."

சங்கிலி ஜெபம் என்றால், லெந்து என்கிற நோன்புக் காலத்தின் நாற்பது நாளும் இரவு முழுக்க ஆளுக்கு ஒரு மணி நேரம் அவரவர் வீட்டில் முழங்கால் போடுவார்கள். தன் முறை முடிந்தவர் அடுத்தவருக்குப் போன் அடித்து எழுப்பிவிட்டுத்தான் படுக்கப் போவார். சங்கிலி அறுபடக்கூடாது. நான் ஒருத்தி தூங்குவதற்காக எட்டுப் பேர் தூக்கம் கெட வேண்டும். இது என்ன ஞாயமோ.

மார்ச் 3, திங்கள்

திருநெல்வேலி. கடைசி கீமோ. ஊசி ஏற்றும் சிஸ்டர் செல்வமேரி என் நோட்டைப் புரட்டிவிட்டு, "ஸ்டீராய்டு மாத்திரய எப்பக்கா போடுதிய?" என்று கேட்டாள்.

"ராத்திரி சாப்ட்ட பொறவு."

"ராத்திரியா? யாரு சொன்னா?"

கூட வந்திருந்த வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் மின்விசிறியைப் பார்த்தார். ஐஸ் கம்பெனியில் சூப்பர்வைசர் அவர், காலை ஐந்து மணிக்குப் போனால் இரவு எட்டுக்குத்தான் வருவார். பகலில் நான் மாத்திரையை முழுங்காமல் தொட்டியில் போட்டுவிடுவேன் என்று சந்தேகம். அதனால் காலை மாத்திரை, மத்தியான மாத்திரை எல்லாவற்றையும் சேர்த்து இரவு சோறு சாப்பிட்டதும் தன் கண் முன்னால் முழுங்க வைப்பார்.

"சாப்பாட்டுக்குப் பொறவுன்னுதான போட்டிருக்கு" என்று முனகினார்.

"அண்ணாச்சி, அது ஆள முழிக்க வைக்கிற மாத்திர. காலையில போட வேண்டியது. அதக் குடுத்துட்டுத் தூங்கு தூங்குன்னா எப்டித் தூங்குவாவ?"

ஐந்து கீமோவும் இந்த லட்சணத்தில் போயிருக்கிறது. மனுஷன் மேல் வந்த ஆத்திரத்தில் ஊசி ஏறியதே தெரியவில்லை.

திரும்பும்போது காரில் வாந்தி. கவரை அவர்தான் பிடித்தார். முகத்தை ஜன்னலுக்கு வெளியே வைத்துக்கொண்டு கையை மட்டும் இந்தப் பக்கம் நீட்டிப் பிடித்தார். காற்றுக்காக என்றார்.

மார்ச் 5, புதன்

சாம்பல் புதன், லெந்து தொடக்கம். அவர் மட்டும் கோயிலுக்குப் போய்விட்டு வந்தார். "ஹெலன் பொன்மலர், நித்திரையின்மை" என்று வாசல் போர்டில் ஒட்டியிருக்கிறார்களாம். எவன் வீட்டுக் கக்கூஸ் தண்ணீர் தெருவில் ஓடுகிறது என்று நான் ஒட்டாத நோட்டீஸா? இப்போது என் முறை.

"யார் யாரெல்லாம் முறை எடுத்திருக்காவ?"

"எல்லாம் சங்கத்துப் பொம்பளையதான்" என்றார். நெற்றிச் சாம்பலைத் துடைக்காமலே பாயை உதறி விரித்தார். கொசு வரும் என்று என் அறைக் கதவைச் சாத்தினார். ஹாலில் மட்டும் கொசு கடிக்காது போலிருக்கிறது.

மார்ச் 6, வியாழன்

விழித்தது மூன்று.

மார்ச் 7, வெள்ளி

தண்ணீர் வரும் நாள். வரவில்லை. விழித்தது மூன்று.

மார்ச் 11, செவ்வாய்

செல்வமேரி சொன்னது சரிதான். மாத்திரையைக் காலையில் போட்டது முதல் பத்தரைக்கெல்லாம் கண் செருகுகிறது. ஆனால் சரியாக மூன்று மணிக்கு யாரோ தோளைத் தொட்டு உலுக்கியது மாதிரி விழிப்பு வந்துவிடுகிறது. வாய் முழுக்கத் துருப்பிடித்த ஆணியைச் சப்பிய ருசி. அதற்கப்புறம் விடியும்வரை மோட்டு வளையைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறேன்.

எழுந்து உலாவினால் என்ன என்று கேட்கலாம். உலாவ வேண்டுமானால் ஹால் வழியாகப் போக வேண்டும். அவர் சுவரைப் பார்த்து ஒருக்களித்துப் படுத்திருப்பார். அதைப் பார்க்க நான் போகவில்லை.

மார்ச் 16, ஞாயிறு

பூனை ஒன்று அடுப்படிக்குள் புகுந்து நெத்திலியை இழுத்துப் போட்டுவிட்டது. பினாயில் ஊற்றிக் கழுவினேன். கழுவும்போது ஞாபகம் வந்தது, எழுதிவைக்கிறேன்.

ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்த மறுநாள். விலாவில் குழாய் சொருகி, அதன் நுனியில் ஒரு டப்பா. உள்ளே ஊறும் நீரெல்லாம் அதில் இறங்கும். அதை எடுத்து ஊற்றிவிட்டு அளவு எழுத வேண்டும். அவர்தான் செய்தார்.  டப்பாவோடு பின்வாசலுக்குப் போனார், தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்ட சத்தம் கேட்டது. வாளி நிரம்பி வழிகிற அளவுக்குத் திறந்து வைத்திருந்தார்.

இருபத்தாறு வருஷத்தில் எத்தனை ஓட்டல்காரன் குழாயைத் திறந்துவிட்டு என்னென்ன சத்தத்தை என்னிடம் மறைக்கப் பார்த்திருப்பான். தண்ணீருக்கு அடியில் அவர் வாந்தியெடுக்கிற சத்தம் எனக்குக் கேட்காதா?

மறுநாளிலிருந்து கட்டுப் பிரிக்க ஒரு நர்ஸம்மாவை ஏற்பாடு செய்தார். அன்றைக்குத்தான் இடுப்பு வலியும் தொடங்கியது.

நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டு என்ன ஆகப்போகிறது? கட்டிலில் பாதி காலியாகக் கிடக்கிறது, துணி மடித்து வைக்க வசதி.

மார்ச் 19, புதன்

செல்வமேரி போனில் கட்டளை போட்டாள். பகலில் படுக்காதே. மூன்று மணிக்குமேல் டீ குடிக்காதே. சாயங்காலம் அரை மணி நேரம் நட. தூக்கம் வந்தால் ஒழியக் கட்டிலில் ஏறாதே.

நடந்தேன். முக்கு டீக்கடையில் மாஸ்டர் மூக்கைச் சிந்திவிட்டு அந்தக் கையாலேயே கிளாஸைக் கழுவினான். கழுவினான் என்பது மரியாதைக்குச் சொல்வது, முக்கி எடுத்தான். தலையில் ஸ்கார்ப், பஞ்சு அடைத்த ஜாக்கெட், கையில் ஊசி போட்டுக் கறுத்த நரம்பு, இந்தக் கோலத்தோடு போய் நின்றேன்.

"ஏல, அந்தக் கைய சோப்புப் போட்டுக் கழுவுல."

"அக்கா, நீங்க லீவுல்லா?"

"மூக்கச் சிந்துதவனப் பாத்தா எனக்கு லீவு கிடையாது."

கழுவினான். வீட்டுக்கு வந்து நன்றாகத் தூங்கினேன், மூன்று மணி வரைக்கும்.

மார்ச் 25, செவ்வாய்

செக்கப். இன்றிலிருந்து புதிதாக ஒரு ஹார்மோன் மாத்திரை, ஐந்து வருஷம் போட வேண்டும். உடம்பு திடீர் திடீரென்று அடுப்பு மாதிரி எரியுமாம். அந்தக் குறையும் வேண்டாமே என்று நினைத்திருப்பார்கள்.

செல்வமேரி நோட்டை வாங்கி விரலால் ஓட்டினாள். "இருவது நாளும் மூணு, மூணு, மூணுன்னே போட்டிருக்கிய. ஒரு நாளாவது ரெண்டே முக்கா, மூணே காலுன்னு இருக்க வேண்டாமா? சீக்கு மணி பாத்து எழுப்பாதுக்கா. வீட்ல ஏதோ சத்தம் கேக்கு."

"எங்க வீட்ல சத்தமே கிடையாது. பேச்சே கிடையாது, பொறவு சத்தம் எங்கன வரும்?"

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். வாய் தவறி வந்துவிட்டது. பக்கத்தில் இருந்த வீட்டுக்காரர் பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று எழுந்துவிட்டார்.

மார்ச் 26, புதன்

மூன்று மணிக்கு முழித்திருந்தேன். எழுத ஒன்றுமில்லை.

மார்ச் 28, வெள்ளி

எழுதக்கூடாது என்றுதான் இருந்தேன். இரண்டு நாளாக வயிற்றுக்குள் கிடந்து புளிக்கிறது.

செவ்வாய் ராத்திரி தூங்காமல் காத்திருந்தேன். மூன்று அடிக்க இரண்டு நிமிஷம் இருக்கும்போது ஹால் தரையில் போன் ர்ர்ர் என்று அதிர்ந்தது. டைல்ஸ் தரை, கட்டில் கால் வரைக்கும் வருகிறது. உடனே அவர் குரல், ரகசியமாக: "சொல்லுங்க டீச்சர். எந்திச்சிட்டேன். நீங்க படுங்க."

என் புத்தி முதலில் எங்கே போனது என்று இங்கே எழுத மாட்டேன். பியூலா டீச்சருக்கு அறுபத்தெட்டு வயது.

பிறகு அடுப்படித் தாழ்ப்பாள் கிரீச்சென்றது. நான் கதவைத் திறந்து போனேன். பாய் காலி. அடுப்படிக் கதவுக்கு அடியில் வெளிச்சம். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். யாரும் எடுக்காத மூன்று மணி முறையை இவர் எடுத்திருக்கிறார். நான் தூங்க வேண்டும் என்று ஜெபம் பண்ணி ஜெபம் பண்ணியே இருபத்தோரு நாளாக என்னை எழுப்பிவிட்டிருக்கிறார். காலை மாத்திரையை ராத்திரி கொடுத்த அதே மூளை. எனக்குச் சிரிப்புதான் வந்தது. சிரித்துக்கொண்டே கதவில் கை வைத்தேன்.

அப்போது சொன்னார். ஒரு வார்த்தை விடாமல் ஞாபகம் இருக்கிறது.

"ஆண்டவரே, அவளத் தூங்க வையும். அவ பக்கத்துல படுக்க எனக்கு அருவருப்பா இருக்கு. நானும் இடுப்பு வலின்னு பொய் சொல்லிட்டுத் திரியுதேன். அவ என் பொஞ்சாதி. இந்த அருவருப்ப எங்கிட்ட இருந்து எடுத்துப் போடும். இருவத்தோரு நாளாக் கேக்கேன். எடுக்க மாட்டேங்கிறீரே."

கையை எடுத்துக்கொண்டு வந்து படுத்தேன்.

எனக்குத் தெரியாததா? தெரியும். குழாய்ச் சத்தத்திலேயே தெரியும். ஆனால் தெரிவது வேறு, அவர் வாயால் கேட்பது வேறு. சீ, என்ன பிழைப்பு இது. என்னைத் தொட முடியவில்லை என்பதை என்னைத் தவிர ஆண்டவர் வரைக்கும் சொல்லியாயிற்று. இரண்டு நாளாக அவர் போட்ட காபியைக் குடிக்காமல் கொட்டுகிறேன். அவர் துவைத்துக் காயப்போட்ட துணியைத் திரும்பத் துவைக்கிறேன். அவருக்கு என்னவென்றே விளங்கவில்லை. விளங்க வேண்டாம்.

இன்னொன்றும் இருக்கிறது. இதை எழுதிவிட்டால் தொலைந்தது. அந்தத் தழும்பை நானும் இன்னும் பார்க்கவில்லை. நர்ஸம்மா கட்டுப் பிரிக்கும்போது கண்ணை மூடிக்கொள்வேன். குளிக்கும்போது மேலே பல்பைப் பார்த்துக்கொண்டு தண்ணீர் ஊற்றுவேன். அந்தப் பக்கம் சோப்பு போடுவது துணியைச் சுற்றிய கையால். ஊரில் ஒரு சாக்கடை மூடியை விடாமல் தூக்கிப் பார்த்தவளுக்குத் தன் உடம்பைப் பார்க்கத் தைரியமில்லை. நினைத்தாலே குமட்டுகிறது.

ஏப்ரல் 2, புதன்

உடம்பு எரிகிறது. இரவில் இரண்டு நைட்டி நனைந்தது. மூன்று மணிக்குப் போன் ர்ர்ர். காதைப் பொத்திக்கொண்டேன்.

ஏப்ரல் 6, ஞாயிறு

கோயில் முடிந்து வந்து சாப்பிட்டு, அவர் பேப்பரைப் பிரித்தார். மணி இரண்டு. நல்ல வெயில். இனிமேல் என்னால் முடியாது என்று தோன்றியது. கூப்பிட்டேன்.

"இங்கன வாங்க. ஜன்னலத் தொறங்க."

"என்னட்டி?"

"இன்ஸ்பெக்‌ஷன்."

திறந்தார். பீரோக் கண்ணாடிக்கு முன்னால் நின்று ஜாக்கெட் ஊக்கில் கை வைத்தேன். மனுஷன் வெளியே போகத் திரும்பினார்.

"நில்லுங்க. அடுப்படியில நீங்க சொன்னத நான் கேட்டுட்டேன்."

பேப்பர் கையிலிருந்து விழுந்தது. முகம் செத்துவிட்டது. கட்டிலில் அப்படியே உட்கார்ந்தார். "எப்ப?" என்றார்.

"எப்பன்னா என்ன? கேட்டுட்டேன். ஒரு மாசமா எம் தூக்கத்தக் கெடுத்தது நீங்கதான்."

"நீ தூங்கணும்னுதானட்டி..."

"அந்த லட்சணத்தப் பொறவு பேசுவோம். இப்ப எந்திங்க. நானும் இன்னும் பாக்கல. ஒத்தையில பாக்க எனக்குப் பயமாருக்கு. சேந்து பாப்போம்."

"நீயும் பாக்கலியா?"

"இல்ல."

எழுந்து என் பின்னால் வந்து நின்றார். நான் ஊக்கை அவிழ்த்தேன். பஞ்சை எடுத்துக் கட்டிலில் போட்டேன். பார்த்தேன்.

ஒன்றுமில்லை. அதுதான் பயங்கரம். வெறும் விலா. நெஞ்சுக் குழியிலிருந்து அக்குள் வரைக்கும் கோணிச் சாக்கைத் தைத்த மாதிரி ஒரு கோடு, ஓரத்தில் சுருங்கிப்போய் ஒரு முடிச்சு. சுற்றியுள்ள தோல் கன்றிப் பளபளவென்று இருந்தது. என் அடிவயிற்றிலிருந்து ஓங்கரித்துக்கொண்டு வந்தது. பல்லைக் கடித்தேன். கண்ணை மட்டும் எடுக்கவில்லை. கண்ணாடியில் அவரைப் பார்த்தேன். அவரும் பார்த்துக்கொண்டிருந்தார். நெற்றியெல்லாம் வியர்வை.

திடீரென்று வாயைப் பொத்திக்கொண்டு பின்வாசலுக்கு ஓடினார். கேட்டது, எல்லாம் கேட்டது. இந்தத் தடவை குழாயைத் திறக்கவில்லை.

வாயைத் துண்டால் துடைத்துக்கொண்டு திரும்ப வந்தார். வரமாட்டார் என்று நினைத்திருந்தேன். வந்து அதே இடத்தில் நின்றார்.

"இன்னும் குமட்டுதா?" என்றேன்.

"குமட்டுது" என்றார். கண்ணில் தண்ணீர் ஓடியது. "நான் என்னட்டி செய்யட்டும், குமட்டுதே."

"எனக்கும்தான்."

என்னை நிமிர்ந்து பார்த்தார். யார் முதலில் சிரித்தது என்று தெரியவில்லை. தழும்பு இழுக்கிற வரைக்கும் சிரித்தேன். பிறகு கொஞ்சம் அழுதேன், அதையும் எழுதிவிடுகிறேன். ஐந்து மாதமாக நான் மட்டும்தான் இதைச் சகிக்க முடியாமல் கிடக்கிறேன் என்று நினைத்திருந்தேன். அவர் தான் மட்டும் என்று நினைத்திருக்கிறார்.

"தொடட்டா?" என்று கேட்டார்.

"வேண்டாம். இன்னைக்குப் பாத்தது போதும்."

ராத்திரி பாயைச் சுருட்டி மூலையில் வைத்தார். கட்டிலில் மடித்து வைத்திருந்த துணியையெல்லாம் நாற்காலிக்கு மாற்றினார். இடுப்பு எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "சும்மா கெடட்டி" என்றார்.

ஏப்ரல் 7, திங்கள்

கதவை உடைக்கிற மாதிரி தட்டினார்கள். லைட்டைப் போட்டு மணி பார்த்தேன், மூன்று ஐம்பது. இவர் அசையவில்லை. போய்த் திறந்தால் வாசலில் டார்ச்சோடு ஐயர், அவருக்குப் பின்னால் ஐயரம்மா, அவர் தோளில் சாய்ந்து விம்மிக்கொண்டு பியூலா டீச்சர். என்னைக் கண்டதும் டீச்சருக்கு விம்மல் நின்று விக்கல் எடுத்தது.

"ஹெலன்... இருக்கியளா?" என்றார் ஐயரம்மா.

"இருக்கேன். தூங்கிக்கிட்டு இருந்தேன்."

"பதினேழு தடவ போன் அடிச்சேன்" என்றார் டீச்சர். "மூணு மணி முறை அண்ணாச்சிக்குல்லா. ஒரு நாளும் எடுக்காம இருந்ததில்ல. நான் என்னத்த நெனைக்க?"

என்னத்தை நினைத்தார்கள் என்பது ஐயரம்மாவைப் பார்த்தாலே தெரிந்தது. வெள்ளைச் சேலையில் வந்திருந்தார். போகிற வீடு எப்பேர்ப்பட்ட வீடு என்று முடிவு பண்ணி, அந்த அவசரத்திலும் பீரோவைத் திறந்து சாவுக்குப் போகிற சேலையை எடுத்துக் கட்டி, மடிப்பெல்லாம் சரிபார்த்து வந்திருக்கிறார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இந்த எரிச்சல் மாத்திரையால் வந்ததில்லை.

"அண்ணாச்சி எங்க?"

"தூங்குதாரு."

"அப்ப ஜெபம்? சங்கிலி அறுந்து போச்சே."

"அறுந்துட்டுப் போட்டும். இனிமே மூணு மணிக்கு எங்க வீட்டுக்கு யாரும் போன் அடிக்கப்பிடாது. அந்த ஒரு மணி நேரம் ஆண்டவரும் செத்த நேரம் தூங்கட்டும்."

ஐயர் சிரித்துவிட்டார். ஐயரம்மா அவரை முறைத்தார். அவர்கள் தெருமுனை திரும்பும்வரை நின்று பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினேன். ஹாலில் தரையில் கிடந்த போனை அணைத்து வைத்தேன்.

உள்ளே வந்தால் மனுஷன் என் இடத்தில் உருண்டு வந்து கிடக்கிறார். வாய் பிளந்து, கடைவாயில் எச்சில் ஒழுகி என் தலையணையில் உள்ளங்கை அகலத்துக்கு ஈரம். நேற்றுத்தான் உறை மாற்றினேன். சீ, கருமம். தலையைத் தள்ளிப் பார்த்தேன், நகரவில்லை. எச்சில் படாத ஓரமாக ஒன்று பார்த்து என் தலையை வைத்துக்கொண்டேன்.